மில்காரரின் பெயர்

1953, ஐப்பசி 6

காலையிலிருந்து மழை. குடைக் கம்பி ஒடிந்துவிட்டது. பிரெஞ்சுக் கோர்ட்டுக்கு நனைந்துகொண்டே. மொழிபெயர்க்கிற துபாஷி நனைந்தால் யாருக்கென்ன.

தலத்தெருப் பக்கம் ஒரு நெல் மில். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து நெல் அவிக்கக் கூட்டிவந்த பதினோரு பேர். அவர்களுடைய எல்லைச் சீட்டுகளை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிக்கொண்டாராம் முதலாளி. சீட்டில்லாமல் எல்லைக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள். சாயங்காலமானால் மில் கேட்டுக்கும் பூட்டு. அஞ்சலை என்ற பெண் சுவரேறிக் குதித்து வந்து பிராது கொடுத்திருக்கிறாள். நிரூபணமானால் முதலாளிக்குச் சிறை. இல்லையென்றால், சீட்டில்லாத குற்றத்துக்கு இவளை எல்லைக்கு வெளியே தள்ளுவார்கள். மற்ற பத்துப் பேர் உள்ளேயே. அதில் ஒருத்தி இவள் தங்கை.

ஐப்பசி 7

நீதிபதி பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில். யார் பூட்டியது?

"எங்க மொதலாளிங்க."

மில்லுக்கு அண்ணன் தம்பி இருவர் முதலாளி. பூட்டியது தம்பி, அவர் இப்போது சைகோனில் என்கிறார் வக்கீல். எதிரே உட்கார்ந்திருப்பது அண்ணன். கெட்டிக்கார வக்கீல், நாசமாய்ப் போக.

"பேரைச் சொல்லும்மா."

"அவுங்க பேரை நான் எப்படிங்க சொல்றது? சோறு போடுறவுங்க."

ஆளையாவது காட்டச் சொன்னார் நீதிபதி. விரல் நீட்டவில்லை, எதிரே இருந்தவரைக் கும்பிட்டாள். பொய்க்காரி என்று நினைத்து நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குப் புரிந்தது, மரியாதைக்குப் பெயர் சொல்லாதவள். ஆனால் சாட்சி சொல்லாததை ஒரு வார்த்தைகூடச் சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்த வாய் என்னுடையது. நாளை மறுநாளுக்கு வாய்தா.

ஐப்பசி 8

மழை விட்டது.

வீட்டில் சொன்னேன். "இத்தனை வருசத்துல உங்க பேரை நான் சொல்லியிருக்கேனா? அவளை மட்டும் சொல்லுன்னா?" என்றாள் என் மனைவி.

கோர்ட் வராந்தாவில் அஞ்சலை. இட்லி வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை.

"தங்கச்சி உள்ள இருக்குங்க."

"அப்ப வாயைத் தொறயேன்!" கத்திவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி 9

சொல்லிவிட்டாள். அண்ணன் முதலாளியின் முழுப் பெயர், சுவரைப் பார்த்துக்கொண்டு. சொன்ன கையோடு தன் கன்னத்தில் பளார் பளாரென்று போட்டுக்கொண்டாள்.

என்ன செய்கிறாள் என்றார் நீதிபதி. மன்னிப்புக் கேட்கிறாள் என்றேன்.

"யாரிடம்?"

"அவரிடம்தான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

மூன்று மாதச் சிறை. பெட்டியைத் திறந்து பதினோரு சீட்டுகளையும் கொடுக்க உத்தரவு. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. போலீஸ் அவரை அழைத்துப் போனபோது, அஞ்சலை சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.