பத்து வருஷம் தாமதமான பதில்

சாந்தபுரம்,
பாபநாசம் தாலுகா.
21-8-1978

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது,

இந்தக் காகிதம் வந்து சேரும்போது நீ உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் ஜெர்மன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். இங்கே நானும் அம்மாவும் அவர் கிருபையால் நடமாட்டமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், நீ அனுப்பிய தைலத்தைத் தடவினால் ரெண்டு மணி நேரம் தாங்குகிறது என்கிறாள். தம்பி ரெத்தினத்துக்குப் பேராவூரணிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, தென்னந்தோப்புக்குள் வீடு, கொசுதான் அதிகமாம், மருமகளுக்கு இது ஆறாம் மாதம். ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, குறுவை கதிர் வாங்கிவிட்டது, சம்பாவுக்கு நாற்றங்கால் உழுகிறார்கள். போன வருஷப் புயலில் பறந்த கோயில் ஓடுகளில் பாதி இன்னும் வேயவில்லை, மழை வந்தால் பீடத்துப் பக்கம் எல்லோரும் நெருக்கி உட்காருகிறோம்.

நீ ஜூன் மாதக் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பெந்தெகொஸ்தே லீவில் ரயிலேறி நீடர்பாக் ஊருக்குப் போனதாகவும், அங்கே கோயிலில் உல்ரிகா உன்னை அடையாளம் கண்டு கட்டிக்கொண்டதாகவும், அவள் பிள்ளைக்கே இப்போது ஆறு வயது என்றும் எழுதியிருந்தாய். அவர்கள் வாலிபர் சங்கத்துக்கும் நம் சங்கத்துக்கும் இருந்த உறவு ஏன் அறுந்துபோனது, தங்கள் பக்கம் ஏதாவது தப்பு நடந்ததா என்று அவள் கேட்டாள் என்றும், உனக்குப் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. கண் சரியில்லை என்று அம்மாவை விட்டு ஒரு கார்டு எழுதச் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் ஊரையும் அவர்கள் ஊரையும் இரட்டை ஊர் என்று சேர்த்துவைத்தபோது நீ பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். இரண்டு சபை வாலிபர்களும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொள்வது ஏற்பாடு. எங்கள் பக்கம் நான் செயலாளர், துணைச் செயலாளர் பக்கிரி. உன் பக்கிரி மாமாதான். நானும் அவனும் தெற்குத் தெருவில் ஒன்றாகப் பிறந்து வளர்ந்தவர்கள், இரண்டு பேர் அப்பாவும் பெரியபண்ணையில்தான் வேலை. நான் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன், அவன் வயலிலேயே நின்றான், பிறகு செங்கொடிச் சங்கத்திலும் சேர்ந்தான். அறுபத்தேழு கிறிஸ்துமசுக்கு உல்ரிகாவும் அவள் சிநேகிதியும் வந்து ஒரு மாதம் நம்மோடு இருந்தது உனக்கு நினைவிருக்கும், கோடியக்கரைக்குப் பறவை பார்க்க பஸ்ஸில் போனோம், நீ வழியெல்லாம் வாந்தி எடுத்தாய்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவர்கள் ஊருக்குப் புறப்பட்ட நாள். அன்று மத்தியானம்தான் பெரியபண்ணை வயலில் வெளியூர் ஆளை இறக்கி அறுப்பு அறுத்தார்கள். கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டு நம் ஆட்கள் மறித்தார்கள், கைகலப்பில் பண்ணைக் காரியஸ்தருக்குக் கை ஒடிந்தது. பக்கிரி அந்த வயல் பக்கமே போகவில்லை. கோயில் வாசலில் எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான், பிறகு உல்ரிகாவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாபநாசம் ஸ்டேஷன் வரை வந்து வண்டி ஏற்றிவிட்டுத்தான் திரும்பினான். ஆனால் கேஸில் இரண்டாவது பெயர் அவனுடையது. செங்கொடிச் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவன் என்பதுதான் காரணம், ஊருக்கே தெரியும்.

நான் உல்ரிகாவுக்கு எழுதிய மாதக் கடிதத்தில் பக்கிரியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு வரி எழுதினேன். சேதியாகத்தான் எழுதினேன். மூன்று வாரத்தில் தடித்த கவர் ஒன்று வந்தது. உள்ளே அந்தப் போட்டோ, அதோடு இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். அன்று மத்தியானத்திலிருந்து வண்டி ஏறும்வரை இந்த மனிதர் எங்களோடு இருந்தார், இதை எந்த கோர்ட்டிலும் சொல்லத் தயார் என்று இங்கிலீஷில் எழுதி, வக்கீலிடம் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகவில்லை. பெரியபண்ணை ஐயாவிடம் போனேன். அவர்தான் சபைக் கமிட்டித் தலைவர், பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் தாளாளர். அவர் திட்டவோ மிரட்டவோ இல்லை. வாசித்துப் பார்த்து மடித்து என் கையிலேயே கொடுத்து, “வாத்தியாரே, இது ஊர்க் காரியம். இதுல வெள்ளைக்காரப் புள்ளைங்க எதுக்கு? நீங்க படிச்சவங்க, நான் சொல்லணுமா?” என்றார். அவ்வளவுதான். நானும் சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கிரி விஷயம் சமாதானமாக முடிந்துவிட்டது, இனி அதைப்பற்றி எழுத வேண்டாம் என்று உல்ரிகாவுக்குப் பதில் போட்டேன். கோர்ட்டில் சாட்சி சொல்லவும் நான் போகவில்லை, போட்டோவில் நின்ற மற்றவர்களும் போகவில்லை. பக்கிரிக்கு எட்டு மாதம் போட்டார்கள். அவன் உள்ளே இருக்கும்போதுதான் அவன் அம்மா இறந்தாள், அடக்கத்துக்கு அவனை விடவில்லை. ஜெபம் பண்ணியது நான்தான். அதற்குப் பிறகு நீடர்பாக்கிலிருந்து நாலு கடிதம் வந்தது, நாலிலும் பக்கிரியை விசாரித்திருந்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றுக்கும் எழுதவில்லை. உறவு அறுந்தது அப்படித்தான். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

போன மாதம் வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும் இல்லை. பெரியபண்ணை ஐயா செத்து நாலு வருஷமாகிறது, அவர் பேரன்கள் மெட்ராசில் இருக்கிறார்கள், பண்ணையில் பாதி குத்தகைக்காரர்கள் பெயரில் பதிவாகிவிட்டது. பயப்பட ஆள் இல்லாத பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் நீடர்பாக் சங்கத்திலிருந்து சபையின் புதுப் பாதிரி ஐயருக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய உறவைப் புதுப்பிக்க வேண்டும், வரும் வருஷம் இங்கிருந்து இரண்டு பேர் அங்கே போக வேண்டும், அங்கிருந்து இரண்டு பேர் வருவார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஐயர் ஆராதனை முடிந்து வாலிபர்களை உட்காரவைத்து அதை வாசித்தார். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய செயலாளர் என்பதால் நானும் இருந்தேன், முதல் பதிலை சார்தான் எழுத வேண்டும் என்றார்கள். கடிதத்தின் கடைசியில் உல்ரிகா தன் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தாள், எங்கள் நண்பர் பக்கிரி எப்படி இருக்கிறார், அவருக்கு என்னை நினைவிருக்கிறதா என்று. பக்கிரி யாரு சார் என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பாடகர் வரிசையிலிருந்து அம்சம் எழுந்து, “எங்க அப்பா” என்றாள். பக்கிரி கோயிலுக்கு வருவதை நிறுத்தினாலும் அவன் பெண்சாதி தங்கம்மாளும் அம்சமும் ஒரு வாரம் தவறினதில்லை, அம்சம் இப்போது கும்பகோணத்தில் பி.யூ.சி. முடித்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்து, “அப்பாவுக்கு ஜெர்மனியில சிநேகிதங்க இருந்தாங்களா சார்? எங்கிட்ட சொன்னதே இல்லையே” என்று கேட்டாள். அப்பாவையே கேள் அம்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய்ச் சோறு வடித்தாள். இரண்டு நாள் எனக்குப் பரிமாறினாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், “அவரு வீட்டுக்குப் போனீங்களா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

போனேன். போட்டோவும் கடிதமும் என் டிரங்குப் பெட்டியில் பென்ஷன் காகிதங்களுக்கு அடியில்தான் இருந்தன, அவற்றைக் கிழித்துப் போட எனக்குத் தைரியம் வந்ததில்லை. பக்கிரி நாற்றங்காலில் மாடு கட்டிப் பரம்படித்துச் சேற்றைச் சமன்படுத்திக்கொண்டிருந்தான். பதிவில் பெயர் ஏறி ஒன்றரை ஏக்கர் குத்தகை பார்க்கிறான் இப்போது. வரப்பில் நின்ற என்னைப் பார்த்து மாட்டை நிறுத்தி, வாய்க்காலில் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தான், அதில் தனக்குப் பக்கத்தில் நின்றவனைத் தொட்டுக் காட்டினான். “இது காத்தான்ல? செத்துட்டான் பாவம்” என்றான். பிறகு கடிதத்தை வாசிக்கச் சொன்னான், தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அப்புறம் சொன்னான், “உள்ள இருந்த எட்டு மாசமும், அந்தப் பொண்ணுகூட நமக்காக ஒரு வரி எழுதலையேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சிருக்கேன். ஒன்னப்பத்தி நெனக்கவே இல்ல செல்லதுரை. நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்.”

பாப்பா, அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மன்னித்துவிடு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “அதெல்லாம் வேணாம், சேறு காயுது” என்று இறங்கிவிட்டான். நாலடி போய்த் திரும்பி, “அந்தப் பொண்ணும் நம்மள அப்படித்தானே நெனச்சிருக்கும், நன்றி கெட்டவனுங்கன்னு. புள்ளைங்க மறுபடி எழுதிக்கட்டும், போகட்டும் வரட்டும். ஆனா இங்கேருந்து போற மொதக் காயிதத்துல இது இருக்கணும். நான் சொன்னேன்னு எழுதாத. நீ செஞ்சேன்னு எழுது” என்றான். போட்டோவைத் திருப்பித் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அம்சம் மட்டும் எழுந்து, “சார், நீங்க அன்னைக்கு இதைக் குடுத்திருந்தா அப்பாவை விட்டிருப்பாங்களா?” என்று கேட்டாள். கோர்ட்டு என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது அம்மா, நான் கொடுக்கவில்லை என்பதுதான் தெரியும் என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ஐயர் நல்லவர், சின்ன வயசு, சபையின் பெயர் கெடுமே என்ற கவலை அவருக்கு. சில சங்கடங்களால் கடிதப் போக்குவரத்து நின்றது என்று பொதுவாக எழுதிவிடலாமே என்றார். பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வந்தது. பாதிப் பேர் ஐயர் சொல்வதுதான் சரி, பழசைக் கிளறி ஆரம்பிக்க வேண்டாம் என்றார்கள். அம்சம், “அவங்க வந்து எங்க அப்பாவைப் பாக்கணும்பாங்க. அப்ப என்ன சங்கடம்னு நானா சொல்றது?” என்றாள். கையைத் தூக்கச் சொன்னார்கள், பதின்மூன்று கை அவள் பக்கம். புதுச் செயலாளராகவும் அவளையே வைத்தார்கள். சங்கத்தின் கடிதத்தை அவள் எழுதுவது, என் பக்கத்தை நானே எழுதி அதோடு வைப்பது என்று முடிவாயிற்று. கூட்டம் முடிந்து போகும்போது அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நம் வீட்டு முக்கு வரை எனக்குப் பக்கத்தில் நடந்துதான் வந்தாள்.

இரண்டு காகிதமும் இந்தக் கவருக்குள் இருக்கின்றன. தபாலில் போடாமல் நீ நேரில் கொண்டுபோய் உல்ரிகா கையில் கொடு. அம்சத்தின் கடிதம் தமிழில் இருக்கிறது, என்னுடையதையும் தமிழிலேயே எழுதிவிட்டேன். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் என் கை நல்ல நல்ல வார்த்தையாகத் தேடியது, அதனால்தான். அவர்கள் கூட்டத்தில் நீதான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். உன்னை இப்படி ஒரு வேலைக்கு அனுப்புகிறேனே என்று அம்மாவுக்கு என்மேல் கோபம். அந்த ஊரில் செல்லதுரை மகள் என்று உன்னைக் கொண்டாடியவர்கள் முன்னால் நீ நின்று இதை வாசிக்க வேண்டும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முடியாது என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும், உல்ரிகாவிடம் தனியாகவாவது வாசித்துக்காட்டு. பொய் எழுதினேன் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் பொய் என்றே சொல். பயந்தேன் என்று நான் எழுதவில்லை, நீயும் சேர்க்காதே. பயந்தது உண்மைதான், ஆனால் அதைக் கேட்டால் அவர்கள் இரக்கப்படுவார்கள்.

அங்கே அடுத்த மாதமே குளிர் ஆரம்பித்துவிடும் என்றாய், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, இரவு டியூட்டி முடிந்து சாப்பிடாமல் தூங்காதே. தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அக்கா மறந்துவிட்டாள் என்று வருத்தப்படுகிறான். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ தொடும் நோயாளிகளுக்கு உன் கையால் ஆறுதல் தருவாராக. அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். வாசித்து முடித்த பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எனக்கு அப்படியே எழுது, தாமதமானாலும் பரவாயில்லை.

உன் அப்பா,
சா. செல்லதுரை