கழற்றி வைத்த ஸ்டார்ட்டர்

மாப்பிள்ளையின் வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். பொத்தான்கள் போட்டு வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தபோது, ஊக்குகளுக்கும் நூற்கண்டுகளுக்கும் நடுவிலிருந்து உன் வீட்டு ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் உருண்டு வந்தது. கட்டைவிரல் அளவு வெள்ளை உருளை. இப்போது எங்கள் தெருவில் எந்தக் குவார்ட்டர்ஸிலும் அதற்கு வேலை இல்லை; எல்லாம் எல்இடி விளக்குகள். ஆனாலும் நான் அதைத் தூக்கிப் போட்டதில்லை.

அதைப் பார்த்தபடியே சட்டைப் பையைத் திருப்பினேன். தையலோரத்தில் சிக்கியிருந்த புகையிலைத் துகள்கள் விரலில் ஒட்டின. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு மாப்பிள்ளை சிகரெட்டைத் தொடவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். மறுபடி பிடித்தால் இந்த இதயம் தாங்காது என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகள் ஸ்டெல்லா உடைந்து அழுதபோது, உன் கணவர் ரிட்டயரானதும் குடிபோன மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த நீதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாய். அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். நீ இருந்திருந்தால் இந்தச் சட்டையோடு நேராக உன்னிடம்தான் வந்திருப்பேன்.

நாம் இருவரும் ஒரே கான்வென்ட்டில் படித்தோம். கல்யாணமாகி ஒரே பிளாக்கில் எதிரெதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் முருகன் படம், எங்கள் வீட்டில் மாதா படம். அதைத் தவிர நம் இருவர் வீட்டுச் சமையலறைகளும் ஒன்றுபோலவே இருந்தன. பள்ளிக்கூடத்தில் எனக்கு நீ வைத்த ‘மதர்’ என்ற பெயரைக் கடைசிவரை நீ விடவில்லை.

என் கணவர் முதன்முதலாக சிகரெட்டை விட்டது ஒரு தவக்காலத்தில். மாதாவிடம் நேர்ந்துகொண்டு, இனி வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன் என்றார். பகலெல்லாம் சமாளித்துவிடுவார். நிலக்கரி மைன்ஸிலிருந்து வந்து, காபி குடித்து, விளக்குப் போடும் நேரம் வந்துவிட்டால் மட்டும் அவரால் உட்கார முடியாது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். தெருமுனைக் கடை அங்கிருந்து பார்த்தாலே தெரியும். அப்படி ஒரு மாலையில்தான் எதிர்வீட்டிலிருந்து உன் குரல் வந்தது.

“அண்ணே, எங்க வூட்டு லைட்டு எரிய மாட்டேங்குது. அவுரு செகண்ட் ஷிப்ட் போயிருக்காரு. செத்த வந்து பாருங்களேன்.”

அவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் உன் வீட்டுக் குழாய் ஒழுகியது. அதற்கு மறுநாள் இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லை. பிறகு மறுபடியும் லைட். ஒரு மாலை நான் ஜெபம் முடித்து உள்ளே வந்தால், நீ என் பொத்தான் டப்பாவுக்குள் எதையோ போட்டுக்கொண்டிருக்கிறாய்.

“என்னடி அது?”

“ஸ்டார்ட்டர். அண்ணன் அங்க சோக்கைக் கழட்டிக்கினு இருக்காரு. அரை மணி தேடட்டும். அப்புறம் நானே கண்டெடுக்கறேன்.”

“பொய் சொல்றது பாவம்.”

“எங்கடி பொய் சொன்னேன், மதர்? லைட்டு எரியலன்னேன். போய்ப் பாரு, எரியுதா?”

அன்று நீ அதைத் திரும்ப எடுக்க மறந்துபோனாய். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது அவரே புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினார். “அந்தம்மா வீட்டுல மட்டும் எப்படி தினம் ஒண்ணு கெட்டுப்போகுது?” என்று என்னிடம் சிரிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, மாலையானதும் டெஸ்டரோடு கிளம்பிவிட்டார்.

பிறகு மழை வந்தது. மைன்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, ஷிப்டுக்கு மேல் ஷிப்டாக அவர்கள் இறைத்துக்கொண்டிருந்த நாட்கள். டீக் கொட்டகையில் யாரோ நீட்டினார்களாம், வாங்கிவிட்டார். வீட்டு வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் நின்றார். சிகரெட் வாசனையை மறைக்க மென்ற கிராம்பு வாயில் மணத்தது. “மாதாகிட்ட நேர்ந்துகிட்டது என்ன ஆச்சு?” என்று கேட்டேன். அது சரியான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரியான கேள்வி அவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது. அடுத்த மூன்று நாளும் அவர் மறைக்காமலேயே பிடித்தார். வாக்குத் தவறிவிட்டது, இனி என்ன என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

நடந்ததை உன்னிடம் சொல்லி முடித்ததும் நீ என்னை முறைத்தாய். “ஏண்டி, உங்க கோயில்ல எத்தனை வாட்டி வேணாலும் பாவமன்னிப்பு கேக்கலாம். உன் புருஷனுக்கு மட்டும் ஒரே வாட்டியா?” என்றாய். “அவுரு விட்டுப் பழகினவருடி. புதுசாவா கத்துக்கணும்?” என்றபடி எழுந்து கேட்டுக்குப் போனாய். அவரிடம் சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்னண்ணே, மூணு நாளா ஆளையே காணோம்? குழாய் ஒழுகிக்கினே இருக்குது.”

அவர் உள்ளே வந்து ஸ்பேனரை எடுத்தார். அதன்பிறகும் அவர் தவறியதுண்டு. ஒவ்வொரு முறையும் உன் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்தே காத்திருந்தது. எந்த நாளில் முழுதாக விட்டார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சாகும்வரை அதன்பின் தொடவில்லை என்பது தெரியும்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். பையைத் தட்டிச் சுத்தம் செய்து, பொத்தான் தைத்து, சட்டையை மடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். பையின் உள்துணி வெளியே திரும்பியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை.”

“அவ கேட்டா நான் மறைக்க மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க.”

“கூட வேலை பாத்தவரோட ரிட்டயர்மென்ட் பார்ட்டியில ஒண்ணே ஒண்ணுன்னுதான் ஆரம்பிச்சுது. அதான் கெட்டுப்போச்சே, இன்னொண்ணு பிடிச்சா என்னன்னு அப்படியே...” தலையைக் குனிந்துகொண்டார். “திரும்ப முதல்லேர்ந்து விடணும்னு நினைச்சாலே மலைப்பா இருக்குது அத்தை.”

ஒரே வீட்டில் இருந்தும் மாமியாரும் மாப்பிள்ளையும் இவ்வளவு பேசிக்கொண்டது அதுவே முதல் தடவை. கடுமையாக ஒன்று வாய்வரை வந்தது. ஸ்டார்ட்டர் இன்னும் என் மடியில்தான் இருந்தது. “எதுக்கு முதல்லேர்ந்து? விட்டுப் பழகினவர்தானே நீங்க” என்றேன்.

அன்றே அவர் அவளிடம் சொன்னார். அவள் அழுதாள், பாத்திரங்கள் சத்தமாக உருண்டன. காலையில் அவளே ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் திட்டவில்லையாம். “மறுபடி வந்தீங்களே, அதுவே நல்லது” என்று சொல்லி, மெல்வதற்கு மருந்து எழுதிக் கொடுத்தார். எந்த நேரத்தில் கை தேடுகிறதோ, அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நேரம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உனக்குத் தெரியும், உதவி கேட்பது எனக்கு வராது. என் கணவர் போன பிறகும் பேங்குக்கு நானே போகிறேன். கேஸ் சிலிண்டரை நானே மாட்டுகிறேன். “செத்தாலும் நீயே நடந்து கல்லறைக்குப் போயிடுவடி” என்பாய். என் தையல் மிஷினை நான் இதுவரை யாரையும் தொட விட்டதில்லை. அந்த மிஷினின் பெல்ட்டைத்தான் ஒரு மாலை என் கையாலேயே கழற்றினேன்.

“மாப்பிள்ளை, மிஷின் பெல்ட் கழண்டுபோச்சு. கொஞ்சம் பாக்கறீங்களா?”

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து என் வாயில் கேட்காத வாக்கியம் அது. அவர் தரையில் உட்கார்ந்து, மருந்தை மென்றுகொண்டே, நிதானமாக மாட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். மறுநாள் ஜன்னல் கொக்கி. அதற்கு அடுத்து கொல்லைக் குழாய்.

குழாயைத் தளர்த்தி வைத்த மாலை அவர் இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாளும் நேரத்துக்கு வரவில்லை. இருட்டத் தொடங்கியபோது கேட் பக்கம் நிழல் தெரிந்தது. செருப்பைக் கழற்றவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார். கிராம்பு மணம் அவருக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. அந்தப் பழைய கேள்வி, சரியான கேள்வி, நாக்கின் நுனியில் இருந்தது. விழுங்கினேன். விழுங்குவது இவ்வளவு கடினம் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை.

“என்ன மாப்பிள்ளை, நேத்தும் காணோம். குழாய் ஒழுகிக்கினே இருக்குது.”

என் வாயிலிருந்து வந்தது உன் குரல். அவர் கம்பியை விட்டார். பிறகு செருப்பைக் கழற்றினார். கொல்லையில் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: “நாளைக்கு எதைக் கழட்டப் போறீங்க அத்தை?”

“வேலை முடிஞ்சு வாங்க. பாத்துக்கலாம்.”

உன்னைத் தகனத்துக்கு எடுத்த அன்று, கால் கழுவ உன் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யக் கூப்பிட யாருமில்லை என்று அப்போது தோன்றியது. என்னால் எவ்வளவோ இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஈரக் கையோடு திரும்பி வந்தேன்.

உன் ஸ்டார்ட்டரை நான் மறுபடி டப்பாவில் போடவில்லை. மேசைமேல் ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிப்பாய். இன்று மாலை மாப்பிள்ளை தெருமுனைக் கடையைத் தாண்டி நேராக வீட்டுக்கு வருவாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அலமாரிக் கதவின் திருகாணி ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன்.