முந்நாள் படைவீரர்

திண்டிவனம்
டிசம்பர் 9

அன்பு மகள் ஜெயராக்கினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் ஆண்டவர் கிருபையில் சுகம், அங்கே ராஞ்சிக் குளிரில் நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் மதரும் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆவல். இதுவரைக்கும் அம்மா சொன்னது. இனிமேல் எழுதப்போவது உன் தங்கை அஸ்வினி. கன்னியர் மடத்தில் போன் கிடையாது என்பதால் மாதாமாதம் அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிற கடிதம் இது, அவர் கையில் ந, ன, ண மூன்றும் இடம் மாறி உட்கார்ந்து விளையாடும் என்பது உனக்கே தெரியும். இந்த மாதம் பேனா என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் அழகான கையெழுத்து இல்லை, தண்டனை. நீ பண்ணதை நீயே உங்க அக்காவுக்கு எழுது, ஒண்ணுத்தையும் மறைக்காதே என்று சொல்லிவிட்டு அம்மா எதிரிலேயே மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பத்திக்குப் பத்தி படித்துக் காட்ட வேண்டுமாம். ஆகவே நான் என்று வந்தால் அது நான்தான், அம்மா பேசினால் அம்மா என்று போட்டுவிடுகிறேன். உங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் மதருக்குத் தமிழ் தெரியாது என்று நீ சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

எல்லாம் உன் அக்டோபர் மாதக் கடிதத்தில் ஆரம்பித்தது அக்கா. எங்க அப்பா பட்டாளத்துக்காரர் என்று நீ அங்கே சொன்னாயாம், எந்த யுத்தம், என்ன செய்தார் என்று கூட இருக்கிற பிள்ளைகள் கேட்டார்களாம், உனக்கு ஒன்றும் தெரியாமல் விழித்தாயாம், அப்பாவே எழுதினால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். அப்பா அதை இரண்டு தரம் படித்தார், சட்டைப் பையில் வைத்தார். பதிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது உனக்கும் தெரியும். பதினேழு வருஷம் ராணுவத்தில் பாலம் கட்டுகிற பிரிவில் இருந்தவர், திரும்பி வந்து மயிலம் பக்கத்தில் ஒரு காலேஜ் கேட்டில் காவல் நிற்கிறார், இத்தனை நாளில் தன் வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதில்லை. பின்தெரு ரிட்டயர்டு சுபேதார் புகழேந்தி மாமாவை நினைத்துப் பார். அவர் ஸ்கூட்டரில் முன்னால் ஆர்மி, பின்னால் ஆர்மி, ஹெல்மெட்டில் ஆர்மி, அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக்கூட பட்டாளத்துப் பச்சை அடித்து வைத்திருக்கிறார், அந்தக் கோழிகள் வரிசையாகத்தான் மேயும். எனக்கு அப்போதெல்லாம் ஒரே கேள்வி, ஒரே பட்டாளத்தில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஏன் தம்பட்டம், இன்னொருவர் ஏன் கம்முனு இருக்கிறார் என்று. கேட்டால் அப்பா தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒருநாள் பழைய பேப்பரில் சுற்றி ஒரு போர்டைக் கொண்டுவந்து, நம்ம வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் தானே ஸ்க்ரூ போட்டு மாட்டினார். நீல போர்டு, வெள்ளை எழுத்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிற ரஞ்சித் அண்ணன் வெட்டிக் கொடுத்தது. மாட்டிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார், மறுபடி வந்து துடைத்தார், மறுபடி போய்ப் பார்த்தார். சு. சவுரிராயன், முந்நாள் படைவீரர் என்று இருந்தது. அக்கா, உனக்குப் புரிந்திருக்கும். முன்னாள் என்றால் முன்பு இருந்தவர், முந்நாள் என்றால் மூன்று நாள். முந்நூறு, முந்நீர், முந்நாள் என்று எங்கள் இசைவாணி மிஸ் அதற்கு முந்தின வாரம்தான் போர்டில் எழுதிப் போட்டு ஆளுக்குப் பத்துத் தடவை எழுத வைத்திருந்தார். இப்படி ஒரு லட்டு தானாக வந்து வாயில் விழுந்தால் நான் என்ன செய்வேன். நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, டாக்டர் வீட்டுப் போர்டில் பார்வை நேரம் எழுதுவார்களே அது மாதிரி, வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி போர்டுக்குக் கீழே ஒட்டினேன். ஒட்டியதைப் போட்டோ பிடித்து ஸ்டேட்டஸிலும் வைத்தேன்.

அரை நாளில் தெருவே சிரித்தது. அடுத்த வீட்டு வேணி அக்கா, மிலிட்டரி ஓட்டலா வெச்சிருக்கீங்க, வெள்ளிக்கிழமை பிரியாணி உண்டா என்று கேட்டார். அதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் டீக்கடையில் யாரோ அப்பாவைப் பார்த்து, “இன்னா சார், இன்னிக்கு புதன்கிழமையாச்சே, டூட்டி கெடையாதா?” என்று கேட்டிருக்கிறான். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. என் தாளை ஓரம் கிழியாமல் உரித்தெடுத்து மடித்து என் புத்தகத்துக்குள் வைத்தார், போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், காலேஜுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். அதற்குள் கொடிநாள் வந்துகொண்டிருந்தது. டிசம்பர் ஏழாம் தேதி பழைய ராணுவத்தார் எல்லோரும் தொப்பி, மெடலோடு விழுப்புரத்தில் ஊர்வலம் போவதாக ஏற்பாடு, அப்பா முதல் தடவையாக வருவதாகச் சொல்லிப் பெயர் கொடுத்திருந்தார். புகழேந்தி மாமா ஒரு வாரம் முன்னாலேயே வந்து கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மாமாவுக்கும் தெரியும், மாடு மாதிரி நல்லாத்தானே இருக்க என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ரஞ்சித் அண்ணன் கடையில் போய்ச் சண்டை போட்டேன், எங்க அப்பா மானம் போச்சே, தமிழ் தெரியாமல் ஏன் கடை வைக்கிறாய் என்று. அவர் டிராயரைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா கையெழுத்து, முந்நாள் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா தன் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்துப் போட்டாள். அதில் அதே வார்த்தையை அப்பா ஏழெட்டுத் தடவை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறார், ஒரு தடவை ன, ஒரு தடவை ந, ஒரு தடவை இரண்டையும் அடித்துவிட்டு. எது சரி என்று அம்மாவைக் கேட்டாராம், நான் மூணாவது படிச்சவ, எனக்கு இன்னா தெரியும் என்றாளாம். வீட்டில் தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்குகிறவள் ஒருத்தி இருக்கிறேனே, என்னை ஏன் கேட்கவில்லை என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஒன்னக் கேட்டா சிரிப்பன்னுதான் கேக்கல.”

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இதையும் எழுது என்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். மறுநாள் ஸ்கூல் விட்டு நேரே ரஞ்சித் அண்ணன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, தப்பான இரண்டு எழுத்துக்கு மேல் ஒட்ட சரியான இரண்டு எழுத்தை வெட்டித் தரச் சொன்னேன். ன்னா. கையில் வாங்கிப் பார்த்தால் சிரிப்பு வந்துவிட்டது, நம்ம ஊரில் எதற்கும் முதல் கேள்வி அதுதானே, முன்னால் ஒரு இ போட்டால் போதும். அப்பா காலேஜிலிருந்து வந்து கால் கழுவும்போது எதிரில் போய் நின்றேன். தப்புப் பண்ணிட்டேன்பா என்றேன். சரி விடு என்றார். ஒட்டட்டுமா என்றேன். வேணாம் என்றார். அவர் உள்ளே போய்விட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று பட்டது, அதனால் கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டி, நீ கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். பட்டாளத்தில் நீங்க இன்னா பண்ணீங்கப்பா? அப்பா துண்டால் காலைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. பிறகு, மூணு நாளுன்னே வெச்சிக்கயேன் என்றார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். சேர்ந்த இரண்டாவது வருஷம், அசாம் பக்கம் ஒரு ஆறு, பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. பாலம் போடப் போன இடத்தில் பாலம் போடக் கரையே இல்லை, எல்லாம் வெள்ளம். ஊர் ஜனம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். படகு எஞ்சினில் செடி சிக்கி முதல் நாளே நின்றுவிட்டது, மரத்துக்கும் பள்ளிக்கூடத்துத் தூணுக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் படகை ஓட்டினார்களாம். கிணற்றில் மட்டும் நீந்தத் தெரிந்த அப்பாவுக்கு ஓடுகிற தண்ணீர் பயம், அதனால் படகில் ஏற்றாமல் படிக்கட்டில் மார்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டார்கள். இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் கை பிடித்துப் படகில் ஏற்றுவது அவர் வேலை. மூன்று நாள். என்ன சாப்பிட்டீங்க என்றேன், ஊறிப்போன பிஸ்கட். தூக்கம் என்றேன், கயிற்றில் சாய்ந்துகொண்டு. எந்த முடிச்சுப் போட்டீங்க என்றேன், போன வருஷப் புயல் மழையில் நம்ம தெருவில் நாலு டிரம்மையும் கட்டிலையும் சேர்த்துக் கட்டி எதிர்த்தெருப் பெரியவரை ஏற்றி இழுத்து வந்தாரே, அதே முடிச்சாம். அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு பார்த்த எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை பார். ஒரு அம்மா தன் வாத்தை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டதாம், அப்பா வாத்தைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாராம், அந்த அம்மாவைப் படகில் ஏற்றும் வரைக்கும் அது நெஞ்சில் கொத்திக்கொண்டே இருந்ததாம். அதற்கு மெடல் தந்தாங்களா என்று கேட்டுவிட்டேன், பழக்கதோஷம். நல்லவேளை, அப்பாவும் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஊரில் கடைக்குப் போனால் சாமானைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்களாம், கை படக் கூடாது. “அங்க இருநூத்திப் பதினாலு பேரு. ஒருத்தராவது என் கையப் பாத்துட்டு யோசிக்கல. புடிச்சாங்க, ஏறினாங்க, போய்க்கினே இருந்தாங்க. மீதி பதினேழு வருசத்தை எவனாவது எடுத்துக்கட்டும், எனக்கு அது போதும்.” அப்படியென்றால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். எந்தச் சண்டைன்னு கேப்பாங்க, சண்டையே போடலன்னா சிரிப்பாங்க என்றார். அக்கா, அவர் எதற்குப் பயந்து இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, சரியாக அதைத்தான் நான் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ன்னா ஸ்டிக்கரை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இருக்கட்டும் வெச்சிரு என்று திருப்பிக் கொடுத்தார். விழுப்புரம் போவீங்களா என்றேன், தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். சனிக்கிழமை இரவு வரைக்கும் போர்டு கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்தோம். நான் இட்லியில் கை வைத்திருக்கிறேன், உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் நாலு மெடல், சாய்த்து வைத்த தொப்பி, ஷூவில் என் முகம் தெரிந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா என்னைப் பார்த்து, “ஜல்தியா கெளம்பு பாப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, எனக்கு டூட்டி நாளு” என்றார். பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் நான் ஒரு கிண்டல்கூட அடிக்கவில்லை, நீதான் நம்ப வேண்டும்.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அறுபது எழுபது பேர் நடந்தார்கள். தொப்பை உள்ளவர், கோல் ஊன்றியவர் எல்லோரும் மெடல் குலுங்க, கால் மாறாமல். முன்னால் கட்டளை போட்டுக்கொண்டு வந்த புகழேந்தி மாமா அப்பாவைப் பார்த்தார், உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, வரிசையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முடிகிற இடத்தில் காலேஜ் பெண்கள் எல்லோர் சட்டையிலும் கொடி குத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் அப்பா மெடலைப் பார்த்து எந்தப் போர் அங்கிள் என்று கேட்டுவிட்டாள். அப்பா நிதானமாக, போர் இல்லமா, வெள்ளம், மூணு நாளு என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். அப்பா அந்தக் கையை ஒரு நொடி பார்த்தார், பிறகு பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் போர்டை எடுத்துத் தானே மாட்டினார், முந்நாள் முந்நாளாகவே. நேற்று அந்த வழியாகப் போன இசைவாணி மிஸ் நின்று எழுத்துப் பிழை இருக்கு சார் என்றார். இல்ல டீச்சர், கணக்கு சரிதான் என்றார் அப்பா. மிஸ்ஸுக்கு நான் இன்றைக்குத்தான் விளக்கம் சொன்னேன். தேவைப்படாமல் போன ன்னா ஸ்டிக்கரை இதோடு வைத்திருக்கிறேன், உங்கப்பா இன்னா பண்ணார் என்று அங்கே யாராவது கேட்டால் இனி நீ விழிக்க வேண்டாம்.

மற்றபடி அம்மா முட்டிவலி பரவாயில்லை, கிறிஸ்துமஸ் குடில் கட்டப் புல் கொண்டுவந்தாயிற்று, இந்த வருஷம் குடிலில் ஒரு வாத்து வைக்கப்போகிறேன். அம்மா சொல்கிறாள்: காலுக்கு உறை போடாமல் கோயிலுக்குப் போகாதே, தலை ஈரத்தோடு படுக்காதே, அங்கே ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, பொங்கலுக்குக் கேப்பை மாவும் மல்லாட்டையும் பார்சல் வரும், மறக்காமல் மதருக்கும் கொடு. மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும் என்று உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

கீழே அப்பா எழுதியிருக்கிற வரியில் நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

இப்படிக்கு,
அம்மா பூமாலை
கைவேலை: அஸ்வினி

அண்பு மகளே கேட்டாள் தைரியமா சொள்ளு. இருநூற்றி பதிநாலு பேர், ஒரு வாத்து.
சு. சவுரிராயன்,
முந்நாள் படைவீரர்