மனிதக் கை படாத கரையாம், அப்பா

தீவு முழுக்க ‘வாட்டர்கேட் பெருமாள்’ என்று கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. வருடா வருடம் படையல் போட்டேன், கருவாட்டுக் குழம்பு வைத்தேன், அழுதேன். எழுதத்தான் தோன்றவில்லை. இன்றைக்கு எழுதுவது பாசத்தால் மட்டும் என்று சொன்னால் அது பொய். கோபமும் இருக்கிறது. உங்கள் மருமகன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வாசலுக்குப் போய்விட்டார். மிச்சத்தை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

நம் தீவில் அறிவிப்புப் பலகை வைக்கப்போகிறார்கள். தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயன் வீடுகளை இடித்து, நம்மையெல்லாம் கிள்ளானுக்கும் மேருவுக்கும் ரவாங்குக்கும் அனுப்பிய அதே தீவில்தான். இப்போது ஒரு சுற்றுலா கம்பெனி அங்கே ஆட்களைக் கூட்டிவந்து நடக்க வைக்கிறது. பறவை பார்க்கிறார்கள், சேற்றில் வேரூன்றி நிற்கும் பக்காவ் அலையாத்தி மரங்களோடு போட்டோ எடுக்கிறார்கள். ஒருமுறை வந்தவர்கள் மறுபடியும் வருகிறார்களாம்.

பலகைக்கான வாசகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கடைக்குத்தான் வந்தது. நான் போர்டு எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் வேலையில் பாதி அந்தக் கம்பெனி கொடுப்பது என்பது உங்களுக்குத் தெரியாது. இங்கிலீஷும் மலாயும் தயார், தமிழ் மட்டும் நான் போடவேண்டும். அதில் ஒரு கேள்வி: ‘திரும்பி வருகிறவர்களுக்கு இந்த அமைதியான தீவு ஏன் பழகிய இடமாகவே தோன்றுகிறது?’ கீழே பதில்: ‘ஏனென்றால் இது மனிதக் கை படாத இயற்கை. கரையின் இந்த அழகிய வளைவைக் கடலே செதுக்கியது.’

கடலே செதுக்கியதாம்! கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் விரியவே இல்லை. மண்வெட்டிப் பிடிக்கு மடங்கியது மடங்கியபடியே இருந்தது. அந்தக் கை எங்கே பட்டதாம், பின்னே?

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மேருவில் லோரி ஓட்டுகிற நம் பக்கத்து வீட்டு முத்து அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் தீவுக்குப் போய் வருகிறார். அங்கே வீடும் இல்லை, பள்ளியும் இல்லை, எண்ணெய்க்கான செம்பனை மட்டும்தான். ஏன் அண்ணே போறீங்க என்றால், “வூடு இல்லதாம்மா, ஆனா காலுக்குத் தெரியுது” என்கிறார். அவர் சரி, அங்கேயே பிறந்தவர். இரண்டாம் தடவை வருகிற வெள்ளைக்காரனின் காலுக்கு எப்படித் தெரிகிறது?

கம்பெனியில் இந்த வேலையைப் பார்ப்பவன் கவின். டெங்கிலில் இருந்து வருகிற பையன், நல்லவன்தான். அவனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, இந்த ரெண்டு வரி தப்பு.”

“அக்கா, இங்கிலீஷ்ல இருக்கறத அப்படியே தமிழ்ல போட்டுடுங்க லா. எங்க போஸ் டெய்லி கேக்குறாரு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஸ்கூல்ல எடுக்கல. நீங்க போடறதுதான்.”

நான் போடுவதுதானா! அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. போனை வைத்ததும் உட்கார்ந்து தட்டினேன்: ‘இந்தக் கரையை மனிதர்கள் மண்வெட்டியால் போட்டார்கள். வளைவுக்குக் காரணம் ஒரு கல்.’ அவர்கள் பாட்டுக்கு இங்கிலீஷில் பொய் சொல்லட்டும், தமிழில் உண்மை நிற்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்துக்கொண்டேன். அச்சுக்கு அனுப்பக் கை போனபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது.

அந்தக் கல் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சேறு தவிர வேறொன்றும் இல்லாத தீவு. கடல் தோட்டத்துக்குள் வராமல் மண்கரை போடத் தொடங்குகிற அன்றைக்குப் பூசை, தேங்காய் உடைக்க ஒரு கல் இல்லை. நீங்கள் கிள்ளானில் ரோடு போடக் குவித்திருந்த கல்லில் ஒன்றைத் தூக்கி, சைக்கிளில் கட்டி, படகில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். தேங்காய் உடைந்தது, பூசை முடிந்தது. கல்லை எடுத்து ஓரமாகப் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டீர்கள்.

மறுநாள் யாரோ குங்குமம் வைத்தார்கள். அதற்கடுத்த நாள் எலுமிச்சம்பழம். சர்வேயர் தொரை முளைக்குச்சி அடித்துக்கொண்டு நேர்கோட்டில் வந்து சேர்வதற்குள் ரோட்டுக்கல் முனியாண்டி ஆகிவிட்டார். கல் அவர் கோட்டுக்கு நடுவே இருந்தது, தூக்கி எறியுங்கள் என்று தொரை கத்தினார். யார் தொடுவார்கள்? கங்காணி முதல் கடைசி ஆள்வரை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். பெரிய அலை வர இன்னும் சில நாள்தான். அதற்குள் கரை சேரவில்லை என்றால் அதுவரை போட்டதும் கடலோடு போகும்.

தொரை அந்தப் பக்கம் போனதும் குச்சியைப் பிடுங்கி நகர்த்திவிடலாம் என்று ஒருவர் சொன்னாராம். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நேராகப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: “தொரே, கல்லு நவராதுங்க. கரைதான் நவரணும்.”

கரை நகர்ந்தது. அதுதான் அந்த அழகிய வளைவு.

நீங்கள் முகத்துக்கு நேரே சொன்னதை நான் அவர்களுக்குத் தெரியாத மொழிக்குள் ஒளிந்துகொண்டு சொல்வதா? வெட்கமாக இருந்தது. அச்சுக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தீவுக்கு வாங்க, நேரில் பேசணும் என்று கவினைக் கூப்பிட்டேன்.

கரைமேல் நடந்தோம். ஒரு பக்கம் பக்காவ், மறுபக்கம் செம்பனை. நீங்கள் கடல் ஏறும்போது அடைத்து, இறங்கும்போது திறந்துவிட்ட மதகை, உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த வாட்டர்கேட்டைத் தாண்டினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவன் பேசிக்கொண்டே போய்ப் புல் மூடிய ஒரு மேட்டில் உட்கார்ந்தான்.

“ஏன் தம்பி அங்க உட்கார்ந்தீங்க?”

“தெரியலக்கா. எப்ப வந்தாலும் இங்கதான் உட்காருவேன். கால் தானா நிக்குது.”

நீங்கள் எல்லாம் போட்ட மேடு அது, அப்பா. ஒரு ஆள் ஒரு நாளில் போட்டு முடிக்கிற நீளம்தான் ஒரு பங்கு. பங்கு முடிகிற இடத்தில் கூடுதலாகக் கொஞ்சம் மண்ணைக் கொட்டி, அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவீர்கள். கரை நெடுக அந்த மேடுகள் அப்படியே இருக்கின்றன. மனுஷனுக்கு எங்கே களைக்குமோ அங்கே மேடு இருக்கிறது. உடம்பின் அளவுக்குப் போட்ட இடம் உடம்புக்குப் பழக்கமாகத்தானே தெரியும்?

அவனிடம் சொன்னேன். வெடுக்கென்று எழுந்துவிட்டான்.

“அட, உட்காருங்க தம்பி. உட்காரத்தான் போட்டது.”

பிறகு வளைவுக்குப் போனோம். கல் இருக்கிறது, மஞ்சள் துணிகூட யாரோ புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ரோட்டுக்கல் கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தான், பிறகு சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அங்கேயே நின்று நான் எழுதிய தமிழை வாசித்துக் காட்டினேன். மூன்று மொழியிலும் இதைத்தான் போடவேண்டும் என்றேன்.

“போஸ் ஒத்துக்க மாட்டாருக்கா. நேச்சர்னு சொன்னாத்தான் ஆளு வரும்.”

“அப்ப தமிழை எடுத்துடுங்க. நான் எழுதுற தமிழ்ல இந்தப் பொய் வராது.”

அவன் போனை எடுத்தான். “உங்க அப்பா பேரு என்னக்கா?” என்று கேட்டுப் பதிந்துகொண்டான். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றான்.

பேசியிருக்கிறான். அதற்கு அடுத்த வாரம் அவன் போஸ், அந்தக் கம்பெனி முதலாளியே கூப்பிட்டார். இருப்பதை மொழிபெயர்த்தால் போதும், இல்லையென்றால் வேறு கடை இருக்கிறது என்றார். தாராளமாகப் போங்கள் என்றேன். அன்றிலிருந்து அங்கிருந்து ஒரு வேலையும் வரவில்லை. “ரெண்டு வரிக்காகவா தேவகி?” என்கிறார் உங்கள் மருமகன். ஆமாம், ரெண்டு வரிக்காகத்தான். வீட்டை இடித்தார்கள், பொறுத்துக்கொண்டோம். இடத்தின் பெயரை எடுத்தார்கள், பேசாமல் இருந்தோம். கையே படவில்லை என்றால் எப்படி விடுவது? பயமாக இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்கும் இருந்திருக்கும்தானே?

பலகைக்கு இரண்டு கால் நட்டுவிட்டார்கள். நடுவில் இன்னும் வெறுமைதான். என்ன எழுதப்போகிறார்கள் என்று கவினுக்கும் தெரியவில்லை.

எது வந்தாலும் சரி. வருகிற மாதத்திலிருந்து முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வளைவில் நான் நிற்பேன். முத்து அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார், அவருக்குக் கரை போட்டவர்கள் அத்தனை பேர் பெயரும் தெரியும். வருகிறவர்களிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவோம். தமிழ் தெரியாதவர்களுக்கு மலாயில், மலாய் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில். முதலில் உங்கள் பெயர். நகரச் சொன்னால் உங்கள் பேச்சையே சொல்லுவேன்: கல்லு நவராதுங்க. நானும்தான்.

உங்கள் பிடிவாதத்தையும் அம்மாவின் வாயையும் குறையாமல் வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
தேவகி