முதல் வரி என்னுடையது

செப்டம்பர் 9, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் லேட். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை போய்ச் சேருவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிவிட்டது.

மாத்திரை அட்டை மிஷின் இன்று நல்ல தாளத்தில் ஓடியது. டக், டக், உஸ்ஸ். அதோடு சேர்த்து என் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லைன் பெண் எட்டிப் பார்த்தாள். "யக்கா, யாரோட சண்டை?"
"யாரோடவும் இல்லடி. ராப்பு."
"எதுக்கும் வூட்ல பேசித் தீத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை பாண்டி பீச் ரோட்டில் பெண்கள் மட்டும் பாடும் ராப் நிகழ்ச்சி. மூன்று பேர். நிவி, நர்ஸிங் படிக்கிறாள், கதிர்காமம். ஜோ, பிரெஞ்சும் தமிழும் கலந்து பாடுகிறவள். அப்புறம் நான், முப்பத்தாறு வயது, ஒரு பிள்ளை பெற்றவள். முதல் பகுதி எனக்கு. என் வரி, நானே எழுதியது.

வாங்க: உளுந்து, மகள் யாழினிக்கு ஸ்கெட்ச் பேனா, தொண்டைக்குப் பனங்கற்கண்டு.

செப்டம்பர் 10, புதன்
ஜோ வீட்டு மாடியில் ஒத்திகை. மானம் போயிற்று.

நிவி பீட்டைப் போட்டாள். மைக்கைப் பிடித்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நிவி பாட்டை நிறுத்தினாள்.
"அக்கா, யாருக்கு வெயிட் பண்றீங்க?"

அப்போதுதான் உறைத்தது. காலேஜ் நாளில் நான் இருந்த குழுவில் பையன்கள்தான் ராப். பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, ஒருத்தன் பாடி முடித்தால்தான் என் முறை. நாலு வரி ராகமாக இழுத்துவிட்டு ஓரமாக நிற்கணும். அந்தப் பதினாறு பாரையும் இன்னும் என் உடம்பு எண்ணிக்கொண்டிருக்கிறது! இல்லாத ஒருத்தன் பாடி முடிக்கட்டும் என்று நின்றிருக்கிறேன்.

இரண்டாவது தடவையும் அதே கதை. நிவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜோ மட்டும் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, வேணும்னா நான் ஆரம்பிக்கறேன். நீங்க நடுவுல வர்ற ராகத்தை மட்டும் பாடிடுங்களேன்?"

நல்ல மனசோடுதான் கேட்டாள். சுருக்கென்றது.
"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி
சாயங்காலம் தூறல். முதலியார்பேட்டைக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். மீன் வியாபாரம் முடித்து, குளித்து, டீயோடு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.
"இன்னாடி, அந்தப் பசங்க பின்னாடி நின்னு ஊளையிடுவியே, அதுவா?"
"இல்லம்மா. இப்ப நான்தான் முன்னாடி."
"அந்தப் பாட்டு சிடில உம்பேர்கூட போடல அவனுங்க."
ஞாபகம் வைத்திருக்கிறாள். எனக்கே மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

என் காலத்தில் ராப் பாட வந்த பெண்ணுக்கு இரண்டே வழி. ஒன்று, ராகம் இழுக்கணும். இல்லையென்றால் குரலைக் கட்டையாக்கி, தொப்பி போட்டு, பையன்களைவிடக் கெட்ட வார்த்தை பேசணும். இரண்டாவதையும் ஒரு வாரம் செய்து பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். நிவி பாடுவதோ வார்டு டியூட்டி பற்றி, கால்வலி பற்றி, "ஏம்மா பொண்ணு" என்று கூப்பிடுகிற பெரியவர்கள் பற்றி. சொந்தக் குரலிலேயே பாடுகிறாள். பொறாமைதான். சந்தோஷமும்தான்.

என்னுடையது:
எங்கம்மா கத்துனா மார்க்கெட்டே திரும்பும்
எம்பொண்ணு கத்துனா எதிர்வீடே அரளும்
நடுவுல நான்மட்டும் நாலுவரி முனகி
நின்னேனே எவன்பாட்டுக்கோ ஓரமா ஒதுங்கி

செப்டம்பர் 13, சனி
ஒத்திகை. ஐந்து தடவையில் மூன்று தடவை சரியாக நுழைந்தேன். ஜோ பிரெஞ்சில், "வுவாலா!" என்று கை தட்டினாள். முதல் பகுதி எனக்கே. மீதி இரண்டு தடவையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டுக்காரர் தோசை ஊற்றினார். "கண்ணை மூடிக்கினு ஆரம்பிச்சிடு" என்றார். தோசைக்கும் அதே யோசனைதான் போல, பாதி கருகல்.

செப்டம்பர் 14, ஞாயிறு
கடல்காற்று. நல்ல கூட்டம். முன்வரிசையில் அம்மா, யாழினி, அவர். அம்மா பட்டுப்புடவையில்!

பீட் ஆரம்பித்தது. நான் நின்றேன். தலையை ஆட்டினேன். வாய் திறக்கவில்லை. எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. ஜோ என்னைப் பார்க்கிறாள், மைக்கைத் தூக்குகிறாள். அவ்வளவுதான், போச்சு.

அப்போது முன்வரிசையிலிருந்து, மார்க்கெட்டில் கத்துகிற அதே குரலில்:
"ஏய், இன்னாடி வேடிக்கை பாக்கற? போணி பண்ணுடி!"

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே "எங்கம்மா கத்துனா" என்று பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு எதுவும் ஞாபகமில்லை. கத்தினேன். கூட்டமும் கத்தியது. கடைசி வரியில் குரல் உடைந்தது, உடையட்டும்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் நிவி போன். பாட்டைப் பதிவு செய்யும்போது ஆரம்பத்தில் அந்தப் "போணி பண்ணுடி" கட்டாயம் வேண்டுமாம், யாழினியோட ஆயாவே வந்து கத்தணுமாம். அம்மாவிடம் சொன்னேன். மடியில் தூங்கும் யாழினியின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.
"பேரு போடுவாங்களா?"
"போடுவாங்கம்மா. உம்பேரும் போடுவாங்க, எம்பேரும் போடுவாங்க."
"இனிஷியலோட போடச் சொல்லு."