குக்கருக்குச் சொன்ன நன்றி

அன்பு மகள் நகிசாவுக்கு அம்மா தொமோயோ எழுதுவது.

இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது, துவைத்த துணி எதுவும் காயவில்லை என்பதைத் தவிர நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ சுகமா என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது, அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன், பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது, சுகமாக இருக்கிறாயா கண்ணு? போனில் நாம் மூன்று பேரும் வைத்திருந்த குழுவிலிருந்து நீ விலகிய பிறகு அதில் நானும் அப்பாவும்தான் மிச்சம், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் குழுவில் என்ன பேசிக்கொள்வது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுக்காததில் ஒரு குற்றமும் இல்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தபால்தலை விசாரிக்கப் போனபோது அங்கிருந்த பெண் வின்னிபெக் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கனடாவில், குளிர்காலத்தில் கண் இமையைக்கூடச் சீப்பால் வாரி ஐஸ் எடுக்கவேண்டிய ஊர் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே வந்து குடையை விரித்தபோதுதான் அது நீ எனக்கு எழுதிய வரி என்று உறைத்தது. பார், மன்னிப்புக் கேட்கக் கிளம்பிய வழியிலேயே மறுபடி திருடிவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பா உப்பில் போடுவதற்கு உமே காய் வாங்கி வந்து கூடத்தில் பரப்பி வைத்திருக்கிறார், வீடெல்லாம் அந்த வாசனை. படகுத் துறையில் வேலை பார்த்தபோது பேசாத மனிதர் ஓய்வு பெற்ற பிறகும் பேசுவதில்லை, காய்களைத்தான் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். உன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கோலை ஊன்றிக்கொண்டு முன்னைவிட வேகமாக வம்பளக்கப் போகிறாள். எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். வேலை அதிகம், நீ செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் ஆள் குறைவு என்று நான் சொல்லிவைக்கிறேன், மகள் என்னோடு பேசுவதில்லை என்று எந்த வாயால் சொல்வது.

போனில் அன்றைக்கு நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், நீ கேட்கவில்லை, நல்லவேளை கேட்கவில்லை, ஏனென்றால் அது சாக்கு. இப்போது சொல்வதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே, நடந்ததாக மட்டும் எடுத்துக்கொள். ஏப்ரல் மாதம் வந்தால் நகராட்சியில் யாரை எங்கே தூக்கிப்போடுவார்கள் என்று சொல்ல முடியாது என்பது உனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குடிநீர்ப் பிரிவிலேயே குழாயும் மீட்டருமாகக் காலம் தள்ளியவளைப் போன வருடம் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே சிக்குமாரு பெயரில் பதிவு போட்டுவந்த இளைஞன் ஒதானியை அதே நாளில் வரி வசூலுக்கு அனுப்பிவிட்டார்கள். மீன் விழுதைக் குழலாகச் சுட்ட மீன்குழலுக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி நம் ஊருக்குச் சிக்குமாரு என்று ஒரு சின்னம், அது இணையத்தில் சின்னப் பையன் மாதிரி பேச வேண்டும், அதற்குள் உட்கார்ந்து பேச வேண்டியவள் நான். பிரிவுத் தலைவர் குராமோச்சி என்னைக் கூப்பிட்டு, குழாயில் தண்ணீர் வரவைத்தவர்களுக்கு இதிலும் வரவைக்கத் தெரியாதா என்று சிரித்தார். வேலியில் போன ஓணானை எடுத்துத் தன் மடியில் விடவில்லை, என் மடியில் விட்டார்.

முதல் மாதம் நான் போட்டதெல்லாம் குப்பை எடுக்கும் நாள், குழாய் அடைப்பு, தடுப்பூசி முகாம். தீயணைப்பு நிலையத்தாரும் ஒதானியின் அம்மாவும் மட்டும் ஹார்ட் போடுவார்கள். வாலிபப் பேச்சு வேண்டும் என்றார்கள், வாலிபப் பேச்சு கற்றுக்கொண்டேன், நான் கற்றுக்கொண்டு வருவதற்குள் அந்தச் சொல் கிழண்டுபோயிருக்கும். ஒருமுறை புதுச்சொல் என்று நினைத்து ஒன்றைப் போட்டேன், ஒரு பள்ளிக்கூடப் பெண் கீழே எழுதியிருந்தாள்: “சிக்குமாருக்குள்ள ஒரு ஆன்ட்டி உக்காந்திருக்காங்க போல.” அதற்கு விழுந்த ஹார்ட் அதுவரை நான் போட்ட எல்லாப் பதிவுக்கும் சேர்த்துக்கூட விழவில்லை. பஸ்ஸில் போன், அடுப்படியில் போன், ஊரில் பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போதாவது சோற்றைப் பார் என்று அப்பா சொன்னால் சோற்றையும் படம் எடுத்தேன்.

அப்போதுதான் நீ கையுறை தொலைத்தாய். பஸ்ஸில் விட்டுவிட்டேன், என் கையுறை இப்போது என்னைவிட அதிகமாக ஊர் சுற்றுகிறது என்று குழுவில் எழுதியிருந்தாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் கை போய்விட்டது, சிக்குமாருவின் ஒரு கையை மறைத்துப் படம் எடுத்து உன் வரியைக் கீழே போட்டேன். மறுநாள் குராமோச்சி அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா, பிறகு உன் எரிந்த மீன், உன் பனிச்சறுக்கல், உன் பக்கத்து வீட்டுப் பூனை என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். உன் பேரும் இல்லை, ஊரும் இல்லை, யாருக்கு என்ன நஷ்டம், என் வயிற்றில் பிறந்தது சொன்னதுதானே என்று கண்ணை மூடிக்கொண்ட பூனை மாதிரி இருந்தேன். ஒருநாள் அப்பா என் போனை எட்டிப் பார்த்து, இது நகிசா சொன்னதில்லையா என்று கேட்டார். இப்போது எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, ஆனால் பேசாத மனிதர், நான் அதையும் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன்.

இங்கிருந்து நீ கொண்டுபோன பேசும் குக்கரைப் பற்றிப் பிப்ரவரியில் நீ எழுதியது எனக்கு மனப்பாடம். “இன்னைக்கு யாருமே எங்கிட்ட பேசல. சோறு வெந்ததும் குக்கர் மட்டும் நம்ம பாஷைல சொல்லுச்சு, சோறு ரெடின்னு. நான் அதுக்கு நன்றி சொன்னேன்.” நான் அப்போது கூட்டத்தில் இருந்தேன். மேசைக்குக் கீழே வைத்துப் படித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்: ஐயோ என் பிள்ளை என்று என் மனதில் முதலில் வரவில்லை. இது ஓடும் என்றுதான் வந்தது. கையில் நேரமில்லை, உனக்கு ஒரு கட்டைவிரல் ஸ்டிக்கரைத் தட்டிவிட்டுக் கூட்டத்தைக் கவனித்தேன். சாயங்காலம் சிக்குமாருவைக் குக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன்.

அது நாடு முழுக்கப் போனது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதன் கீழே பதில் எழுதியவர்கள் சிரிப்பதற்காக எழுதவில்லை. குடும்பத்தை விட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப்போன ஒருவர், புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில் இருந்த ஒரு பையன், எனக்கும் இன்றைக்கு யாரும் பேசவில்லை சிக்குமாரு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒருவர் விடாமல் பதில் எழுதினேன். சூடாக ஏதாவது சாப்பிட்டாயா, நாளைக்கும் வந்து பேசு, நான் இங்கேயே இருப்பேன் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, எவ்வளவு நல்லவள் நான் என்று நினைத்துக்கொண்டேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். நான் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டினேன் கண்ணு, என் பிள்ளைக்கு ஒரு கட்டைவிரல்.

உன்னோடு வேலை செய்கிற பெண் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படித்தால் உனக்குச் சிரிப்பு வரும், அப்படியே உன்னை மாதிரி என்று யாரோ ஆங்கிலத்தில் மாற்றிப்போட்டிருந்த அந்தப் பதிவை எடுத்துக் காட்டினாள் என்றாய். அந்த இடத்தில் நீ எப்படி நின்றிருப்பாய் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். போனில் நீ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “நான் ஊருக்கு எழுதலம்மா, உனக்கு எழுதினேன்” என்று மெதுவாகச் சொன்னாய். அதற்கு நான் சொன்னேனே ஒரு பதில், யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று. வருந்துகிறோம்! ஆபீஸில் குழாய் உடைந்ததற்கும் விழா ரத்தானதற்கும் எழுதி எழுதி வாய்க்குப் பழகிய வாக்கியம் பெற்ற மகளிடம் வந்து விழுந்தது. நீ மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வைத்தாய். குழுவிலிருந்து நீ விலகியதைப் போன் எனக்குச் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு அப்பா என்னைத் திட்டவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “குக்கருக்கு நன்றி சொன்ன அன்னிக்கு அவ என்ன வெச்சு சாப்பிட்டான்னு கேட்டியா?” எனக்குத் தெரியவில்லை. நான் தனியாகப் போன் செய்து கேட்டிருப்பேன் என்று நினைத்துத்தான் அவர் ஒன்றும் எழுதவில்லையாம். அது முதல் அவருக்கும் குற்ற உணர்ச்சி, அதையும் நான்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பதிவையும் உன் மற்ற வரிகளையும் சிக்குமாருவின் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். அதற்குள் கோடைத் திருவிழாவில் விற்கக் கைத்துண்டு அடிக்கப்போவதாகவும் அதில் குக்கர் வரியைப் போடப்போவதாகவும் முடிவாகிவிட்டது, மாதிரி என் மேசைக்கு வந்தது, சிக்குமாரு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறது. நான் குராமோச்சியிடம் போய் இந்த வரி நகராட்சியுடையது இல்லை, என் மகளுடையது, அவளைக் கேட்காமல் எடுத்தேன் என்று சொன்னேன். அவர் மாதிரித் துண்டை எடுத்து மடித்து மேசையில் வைத்தார். பிறகு, “அதனாலென்னம்மா, பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க, சந்தோஷப்படும்” என்றார். கேட்கமாட்டேன் என்றேன். ஏன் என்றார். கேட்டால் அவள் என் முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிடுவாள் என்றேன். துண்டில் இப்போது வெறும் அலையும் மீன்குழலும் மட்டும்தான் வரும். மேயருக்குக் கோபம், குராமோச்சி என்னோடு வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை, இந்தப் பக்கத்தை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றால் அடுத்த ஏப்ரல் வரை ஆள் இல்லை என்கிறார். ஆகவே மறுபடி குப்பை எடுக்கும் நாளும் குழாய் அடைப்பும்தான். தீயணைப்பு நிலையத்தாரும் ஒதானியின் அம்மாவும் மறக்காமல் ஹார்ட் போடுகிறார்கள். சிக்குமாருவுக்கு என்ன ஆயிற்று, ஏன் பேசமாட்டேன் என்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குப் பேசத் தெரியாது, பேசியது வேறொருத்தி என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது.

இதையெல்லாம் செய்துவிட்டேன், அதனால் மன்னித்துவிடு என்று கேட்பதற்காக எழுதவில்லை. எடுத்ததைத் திருப்பி வைப்பது பெரிய காரியமா. நீ எனக்கு எழுதிய ஒரு செய்திக்கு நான் பதில் போடவில்லை, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன், நான்கு மாதம் தாமதம், ஆனாலும் உனக்கு மட்டும்.

நகிசா, இன்றைக்கு யாருமே பேசவில்லையா? ஏன், பல் செய்கிற கூடத்தில் எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டு குனிந்தே இருக்கிறார்களா, அந்த மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காதா? சோற்றுக்கு என்ன வைத்துச் சாப்பிட்டாய், முட்டையாவது இருந்ததா? அந்தக் குக்கரை நீ கிளம்பும்போது அப்பாவின் பழைய ஸ்வெட்டரில் சுற்றிப் பெட்டியில் வைத்தவள் நான், அங்கே போய் என் பிள்ளைக்குப் பேச்சுத் துணையாக இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை. உடனே போன் செய்யட்டுமா, கூட்டத்தில்தான் இருக்கிறேன், எழுந்து வெளியே வருகிறேன்.

இவ்வளவுதான் அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது. எழுதி முடிக்க எத்தனை நேரம் ஆனது என்று பார், ஒன்றுமே ஆகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கூடத்தில் பொடி பறக்கும்போது முகமூடியைக் கழற்றாதே. குக்கரோடு அனுப்பிய மின்மாற்றி தொட்டால் சுடுகிறதா என்று அப்பா கேட்கச் சொன்னார், சுட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள். உமே ஊறியதும் ஒரு சிறு ஜாடி அனுப்புகிறோம், அதை நீ தின்றாலும் சரி, திட்டிக்கொண்டே தின்றாலும் சரி. நீ எதற்குச் சிரித்தாலும் எதற்கு அழுதாலும் அது உன்னுடையதாகவே இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் வந்து உட்காரட்டும், நீ நூறு வருடம் நன்றாக இரு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் வேண்டாம். என்றைக்காவது உனக்கு மனம் வந்தால் சோறு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் குக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிடு. நீ பேச வேண்டாம். நாங்களும் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டோம். சோறு ரெடி என்று அது சொல்லுமே, அப்போது நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

அன்போடும் வெட்கத்தோடும்,
உன் அம்மா
தொமோயோ