எத்தனை விரல் கீறல்

உலகம்மன் துணை

தென்காசி
வெகுதானிய வருஷம் ஆனி மாதம் 22ந் தேதி

இரங்கூனில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி வல்லிநாயகத்துக்கு அப்பா ஆவுடைநாயகம் மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதை அடுத்த கப்பல் தபாலில் ஒரு வரியாவது எழுதிப் போட வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரி குழல்வாய்மொழிக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இந்த நிமிஷம் வரைக்கும் தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள். உனக்கு அடித்த தந்தியில் அவ்வளவுதான் அடக்க முடிந்தது. மீதியை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், இலஞ்சியிலிருந்து வேறு மாதிரி கடிதம் வந்தாலும் வரும்.

வலி கண்டது இலஞ்சியில் உன் மாமனார் வீட்டில்தான், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. மருத்துவச்சி ஹைருன் பீவியை வியாழக்கிழமையே கூட்டிக்கொண்டு போய் விட்டேன், நம்ம தெருவில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்த பிள்ளைகள், நீயும் சேர்த்தி. வெள்ளி காலையில் அவளே வெளியே வந்து, முதலாளி, இடுப்பெலும்பு குறுகலா இருக்கு, தலை இறங்கவே மாட்டேங்குது, இது என் கைக்கு மிஞ்சினது, இனிமே நான் தொட்டா பாவம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டாள். உன் மாமனார் பரமசிவன் அண்ணாச்சி, குமாரர் கோயிலுக்கு நேர்ந்திருக்கேன், வெயில் தாழட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். நேர்ந்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, ஆனால் வெயில் தாழுகிற வரைக்கும் பிள்ளை தாங்க வேண்டாமா. குழல் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. காரைப் பிடித்து, பின் சீட்டில் உன் அம்மை மடியில் அவளைக் கிடத்தி தென்காசி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே உள்ள டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, வயிற்றைக் கீறித்தான் எடுக்கணும், மேசை இருக்கு, மயக்க மருந்து இருக்கு, எனக்குத்தான் அதில் பழக்கம் போதாது, மதராஸ் பெரிய ஆஸ்பத்திரி ஞானசுகிர்தம் அம்மாள் சீசனுக்குக் குற்றாலம் வந்திருக்காங்க, அவங்களைக் கையோடு கூட்டிட்டு வாங்க என்று சொன்னார். நல்ல வேளை சாரல் காலமாய்ப் போச்சு. ஐந்தருவி ரோட்டில் பங்களா பங்களாவாய் விசாரித்து ஆளைப் பிடித்தேன். நாசரேத்துக்காரி, நாற்பது வயசு இருக்கும், குளித்த தலை ஈரத்தோடே அப்படியே காரில் ஏறிவிட்டாள்.

இப்போது நான் எழுதப்போகிறதை நீ நன்றாய்ப் படி. பின்னால் உனக்குத் தேவைப்படும். மேசையில் போடுகிறதுக்கு முன்னே அந்த அம்மாளிடம் எத்தனை விரல் கீறுவீங்க என்று கேட்டேன். தொப்புளுக்குக் கீழே முக்கால் சாண், ஒன்பது விரல் போலக் கையை வைத்துக் காட்டினாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை, கொடி மாதிரி உடம்பு. என் வாய் சும்மா இருக்குமா, தலையில் துணி மூட்டை சுமந்து அச்சன்புதூர், வீரகேரளம்புதூர் என்று தெருத்தெருவாய் விற்ற காலத்துப் பழக்கம், அம்மா, சின்னப் பொண்ணு, நாலு விரலில் முடிச்சுக் கொடுங்க என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கை கழுவிக்கொண்டே நீங்க என்ன வியாபாரம் என்று கேட்டாள். ஜவுளி என்றேன். ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்கிட்டு மீதியைக் கையாலே கிழிப்பீங்கள்ல, அது நூல் போன போக்கில் நேரா வரும், கர்ப்பப்பைக்கு நூல் போக்கு கிடையாது, நான் சின்ன வாயா வச்சா தலையை எடுக்கையிலே அது தானாக் கிழியும், எந்தப் பக்கம் ஓடும்னு எனக்கே தெரியாது, ரெண்டு பக்கமும் பெரிய ரத்தக்குழாய் நிக்கிது, அதில் போய் விழுந்தா என்னாலயும் அள்ள முடியாது, கத்தியாலே வெட்டினதைத் தைக்கலாம், கிழிஞ்சதைத் தைக்க ஓரம் கிடைக்காது, நாலு விரல்தான் வேணும்னா வேற ஆளைப் பாருங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பின்னாலேயே வந்து நின்ற உன் மாமனார், உம்ம கடையிலே சீட்டித் துணி கிழிக்கிற மாதிரி என் பிள்ளையைக் கிழிக்கச் சொல்லுதீராக்கும் என்று என் மேல் பாய்ந்தார். அண்ணாச்சி, கிழியாம இருக்கத்தான் ஒன்பது விரலும் வெட்டச் சொல்லுதேன் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். புருஷன் ஊரில் இல்லையென்றால் யாராவது பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், நான் போட்டேன். ஒரு உயிர்தான் மிஞ்சும்னா எதுன்னு அந்த அம்மாள் கேட்டாள். தாய் என்று சொன்னேன். உன்னைக் கேட்க நேரமில்லை. கோபம் என்றால் எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

வெளியே கீறினது நெட்டுவாக்கில், உள்ளே கர்ப்பப்பையில் கீழ்ப்பக்கம் குறுக்குவாக்கில். முன்னெல்லாம் உள்ளேயும் மேலே நெட்டுவாக்கில்தான் கீறுவார்களாம், அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் பிரிந்து விட்டுப்போகிற பயம் அதிகமாம், கீழே குறுக்காய்ப் போட்டது அவ்வளவு சீக்கிரம் விடாதாம், ஆனாலும் விடவே விடாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் என்று டாக்டரம்மாள் சொல்லுதாள். பிள்ளை முதலில் அழவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முகம் அச்சு அசலாய் என்னைப் போல இருக்கிறதாம், பாவம் பொம்பளைப் பிள்ளைக்கு இந்த மூக்கா வரணும் என்று உன் அம்மை சொல்லுதாள். அவள் வாயிலிருந்து இந்த ஒரு வாரத்தில் வந்த ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழலுக்குக் காய்ச்சல். இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாய்த் தள்ளிப்போட்டேன். பிரசவ வலியோடு ரொம்ப நேரம் கிடந்த பிள்ளை, விஷம் உள்ளே ஏறியிருக்கலாம் என்று சொல்லுதாங்க. புதுசாய் வந்த சிவப்பு மருந்து ஒன்று ஊசியில் போடுகிறார்கள், அதைப் போட்டதும் மூத்திரம் சிவப்பாய் இறங்கினது, உன் அம்மை ரத்தம் என்று அலறி ஆஸ்பத்திரியையே கூட்டிவிட்டாள், நர்ஸம்மா சத்தம் போட்டு அடக்கினாள். காய்ச்சல் சாயங்காலம் ஏறுது, காலையில் கொஞ்சம் இறங்குது. கட்டைப் பிரிக்கிற நேரத்தில் நான் நர்ஸ் முகத்தைத்தான் பார்க்கிறேன். வாங்க வந்தவன் முகத்தைப் பார்த்தே வாங்குவானா மாட்டானா என்று முப்பது வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறவன், அவள் முகத்தில் ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. கடை பக்கம் போகவில்லை. பார்க்க வருகிற பொம்பளைகள் வயிற்றைத் திறந்தவள் இனிமேல் குடம் தூக்க மாட்டாள், பாதி ஆள்தான் என்று வாசலிலேயே பேசுகிறார்கள், உன் அம்மை அவர்களை, நீங்க எல்லாம் முழு ஆளா இருந்து என்னத்தக் கிழிச்சீங்க, போங்கட்டி என்று விரட்டிவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். இந்த வயசில் இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

நீ அடித்துப்பிடித்துக் கப்பல் ஏற வேண்டாம். நீ வந்து சேருகிறதுக்குள் ஒன்று ஆகிவிடும், அது எது என்று எனக்குத் தெரியாது, உனக்குப் பொய் எழுத மாட்டேன். வேலையை விட்டுவிட்டு வராதே, தந்தி வந்தால் மட்டும் வா. அவளுக்குத் தனியாய் ஒரு கடிதம் எழுது. புண்ணைப் பற்றிக் கேட்காதே, பெண் குழந்தை என்று ஒரு சொல் குறையாய் எழுதிவிடாதே, அங்கே ஆறு எப்படி, சந்தை எப்படி என்று எழுது, நானே படித்துக் காட்டுகிறேன். ஆவணியில் அவளை இரங்கூனுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாயே, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். உன் மாமனாருக்கும் ரெண்டு வரி மரியாதையாய் எழுது, மனுஷன் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவே மாட்டேங்கிறார், நான் கொண்டுபோகிற காப்பியைத்தான் குடிக்கிறார். மழையில் நனைந்து வேலைக்குப் போகாதே, வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. காசிவிஸ்வநாதர் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும், உன் கையில் நீ உன் மகளைத் தூக்குகிற நாளை எங்கள் கண்ணில் காட்டட்டும். பதிலை மறக்காமல் உடனே போடு.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும் அப்பா,
சு. ஆவுடைநாயகம்

கவரை ஒட்டுவதற்குள் டாக்டரம்மாள் குற்றாலத்திலிருந்து வந்து பார்த்தாள். காய்ச்சல் இன்னும் நிற்கவில்லை. பிழைப்பாளா என்று வாய்விட்டுக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பிரசவத்துக்கு என்னிடம் கண்டிஷன் போட ஆரம்பித்துவிட்டாள். குழல் போய்விடுவாள் என்று நினைக்கிறவள் அதைப் பேசுவாளா என்று நானே மனசைத் தேற்றிக்கொண்டேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ரெண்டு வருஷத்துக்கு அவள் மறுபடி உண்டாகக் கூடாது. அப்புறம் உண்டானால் மூன்றாம் மாதமே டாக்டரிடம் காட்டி, உள்ளே குறுக்குவாக்கில் கீறினது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மறுபடி கீற வேண்டி வந்தால் எத்தனை விரல் என்று மாமனாரோ அப்பனோ புருஷனோ பேசக் கூடாது. எட்டாம் மாதத்திலிருந்து கத்தி வைக்கத் தெரிந்த டாக்டர் இருக்கிற ஊரில்தான் அவள் இருக்க வேண்டும், அது இரங்கூனானாலும் சரி, மதராஸானாலும் சரி, இலஞ்சியிலும் நம் வீட்டிலும் கூடாது. சம்மதம் என்று உன் பேரிலும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.